வலசை மறந்த வாத்துகள்

பாடத்திற்குள் நுழையும் முன்

பறவைகள் பருவந்தோறும் ஓரிடம் விட்டு மற்றோரிடம் சென்று மீள்வதை வலசை போதல் என்கிறோம். தலைமுறை தலைமுறையாக வலசை போன பறவை அப்பழக்கத்தைக் கைவிட்டு ஓரிடத்திலேயே தங்கிவிட்டால் என்ன நிகழும்? வட அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டில் அவ்வாறு நிகழ்ந்தது. அது ஏன் நிகழ்ந்தது, அதனால் பறவைக்கும் மனிதருக்கும் விளைந்தவை யாவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. வானில் ஓர் அம்புமுனை

கனடா வாத்து வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பறவை. நம் ஊர்க் குளங்களில் காணும் வாத்தினைவிட உருவில் பெரியது. அதன் தலையும் நீண்ட கழுத்தும் கருநிறம் உடையவை. கன்னத்திலிருந்து தாடைவரை வெண்ணிறப் பட்டை ஒன்று கட்டுத்துணி போலப் படிந்திருக்கும். உடல் பழுப்பு நிறமானது. நீரில் நீந்தினும் இது பெரும்பாலும் நிலத்தில் புல் மேய்ந்தே வாழும்.

கோடையில் கனடாவின் வடபகுதியில் பகற்பொழுது மிக நீளும். இளம்புல் செழிக்கும். குஞ்சு பொரித்து வளர்ப்பதற்கு அது ஏற்ற காலம். குளிர்காலம் வந்ததும் நீர்நிலைகள் உறைந்துபோகும். பனி புல்லை மூடிவிடும். அப்பொழுது வாத்துகள் கூட்டமாகத் தெற்கு நோக்கிப் புறப்படும். அம்புமுனை போன்ற வரிசையில் அவை பறக்கும். முன்னே செல்லும் பறவையின் சிறகுமுனையிலிருந்து மேலெழும் காற்று பின்னே வரும் பறவையைத் தாங்குவதால் அதன் உழைப்பு குறைகிறது. முன்னே செல்லும் பறவை களைத்ததும் பின்னே சென்றுவிட, மற்றொன்று அவ்விடத்திற்கு வரும். இலையுதிர்காலத்தில் இக்கூட்டங்கள் எழுப்பும் ஒலியைக் கேட்டே, குளிர்காலம் அணுகிவிட்டதென்று அந்நாட்டு மக்கள் அறிந்துகொள்வர்.

2. பாதையைக் காட்டுவோர்

வலசைப் பாதையைப் பறவைகள் எவ்வாறு அறிகின்றன? சில பறவையினங்களில் குஞ்சு பெற்றோரின் துணையின்றித் தனியாகவே தொலைதூரம் செல்கிறது. அவற்றிற்குத் திசையறிவு பிறவியிலேயே அமைந்துள்ளது. கனடா வாத்தின் இயல்பு வேறு. பருவம் மாறும்போது எழுந்து பறக்க வேண்டும் என்னும் உந்துதல் அதற்கும் உண்டு. ஆயினும் எவ்வழியே செல்வது, எங்கே இறங்கி இளைப்பாறுவது, எந்த ஏரியில் குளிர்காலத்தைக் கழிப்பது என்பவற்றைப் பெற்றோருடன் பறந்தே அது கற்றுக்கொள்கிறது.

முட்டையிலிருந்து குஞ்சு வெளிவர ஏறத்தாழ 28 நாள் ஆகும். வெளிவந்த ஓரிரு நாளிலேயே குஞ்சுகள் தாயின் பின்னே நடந்து நீரை அடையும். இரண்டு, இரண்டரைத் திங்களில் பறக்கத் தொடங்கும். முதற்குளிர்காலம் முழுவதும் பெற்றோரை விட்டுப் பிரியா. ஒருமுறை கற்ற பாதையை வாழ்நாள் முழுவதும் மறவா. தான் பறக்கக் கற்ற இடத்தையே ஒரு வாத்து தன் ஊராகக் கொள்ளும். முட்டையிடும் பருவம் வந்ததும் அங்கேயே திரும்பிவரும்.

பெற்றோர் இல்லாத குஞ்சுகளுக்குப் பாதையை வேறொருவர் காட்ட இயலுமா? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தைச் சேர்ந்த பில் லிஷ்மன் என்னும் சிற்பி இதனை முயன்று பார்த்தார். மனிதர் கையில் வளர்ந்த வாத்துக்குஞ்சுகளைத் தமது சிறிய இலகுரக விமானத்தின் பின்னே பறக்கப் பழக்கினார். 1993-ஆம் ஆண்டு தம் தோழருடன் சேர்ந்து 18 வாத்துகளை ஒன்டாரியோவிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம்வரை, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு, வழிநடத்திச் சென்றார். மறுவசந்தத்தில் அவ்வாத்துகளுட் பல எவருடைய துணையும் இன்றித் தாம் வளர்ந்த இடத்திற்குத் திரும்பின. ஒரே ஒருமுறை கண்ட பாதையை அவை நினைவில் வைத்திருந்தன.

இம்முயற்சி நமக்கு உணர்த்துவது யாது? கனடா வாத்தின் வலசை இரத்தத்தில் மட்டும் இருப்பதன்று. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் காட்டிக் கொடுப்பது. காட்டிக் கொடுக்கும் தலைமுறை ஒன்று இடையில் அறுபட்டால், பின்வரும் குஞ்சுகளுக்குப் பாதை தெரியாது.

3. பாதை அறுபட்ட வரலாறு

அத்தகைய அறுபடல் மனிதர் கையால் நேர்ந்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது வேட்டை. வேடர்கள் பழக்கிய விலங்கினைக் காட்டி அதன் இனத்தைப் பிடிக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவ்வாறு பழக்கிய விலங்கினையும் பறவையினையும் ‘பார்வை’ என்று பழந்தமிழர் வழங்கினர். அமெரிக்க வேடர்களும் கனடா வாத்துகளைப் பிடித்து, சிறகை வெட்டி, பார்வையாக வளர்த்தனர். வானத்தில் செல்லும் கூட்டம் கீழே தம் இனத்தைக் கண்டும் அதன் குரலைக் கேட்டும் இறங்கும், இறங்கியதும் சுடப்படும். இம்முறையால் வாத்துகள் பெருமளவில் அழிவதைக் கண்ட அமெரிக்க அரசு 1935-ஆம் ஆண்டு உயிருள்ள பார்வைப் பறவைகளைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. பயனற்றுப்போன பறவைகளைப் பலர் அவிழ்த்துவிட்டனர். தலைமுறைகளாகக் கூட்டில் வளர்ந்த அவ்வாத்துகள் வடதிசை ஏரிகளை ஒருபொழுதும் கண்டதில்லை. அவை விடப்பட்ட இடத்திலேயே தங்கின. அங்கேயே குஞ்சு பொரித்தன.

இரண்டாவது, நன்மை கருதிச் செய்த பணி. கனடா வாத்துகளுள் மிகப் பெரிய வகை ஒன்று உண்டு. வேட்டையாலும் சதுப்புநிலங்கள் விளைநிலங்களாக மாறியதாலும் அவ்வகை முற்றிலும் அழிந்துவிட்டதென்று 1950-களில் அறிஞர் கருதினர். 1962-ஆம் ஆண்டு சனவரியில் ஹெரால்டு ஹான்சன் என்னும் உயிரியல் அறிஞர், மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள சில்வர் ஏரியில் குளிர்காலத்தைக் கழித்த வாத்துகளை ஆராய்ந்தார். அவற்றின் எடையைக் கண்டவர்களுக்கு எடைக்கருவியின் மீதே ஐயம் எழுந்ததாம். அழிந்துவிட்டதெனக் கருதிய பெருவாத்துகளே அவை! கரையிலிருந்த மின்நிலையம் வெளியேற்றிய வெந்நீரால் அவ்வேரி கடுங்குளிரிலும் உறையாமல் இருந்தது. அதனால் வாத்துகள் அங்கே தங்கின.

இக்கண்டுபிடிப்பு பெருமகிழ்ச்சியை ஏற்படுத்தியது. பல மாநிலங்களின் வனவிலங்குத் துறையினர் பெருவாத்துகளைப் பண்ணைகளில் வளர்த்து, புதிய இடங்களுக்குக் கொண்டுசென்று விட்டனர். 1980-கள்வரை இப்பணி நடந்தது. பெற்றோருடன் வடக்கே சென்று பழகாத அவ்வாத்துகளுக்கு, விடப்பட்ட பூங்காவும் ஏரியுமே ஊராயின. அழிவிலிருந்து ஓர் இனத்தை மீட்டனர் என்பது உண்மை. ஆயினும் மீட்டது பறவையை மட்டுமே. அதன் பாதையை அன்று.

4. தங்கியவை பெருகியது ஏன்?

இவ்விரு வழிகளிலும் தங்கிய வாத்துகள் தொடக்கத்தில் சிலவே. அவை இலட்சக்கணக்கில் பெருகியதற்கு நகர அமைப்பே காரணம்.

அமெரிக்கப் புறநகர்களில் வீட்டின் முன்னும் பூங்காவிலும் அலுவலக வளாகத்திலும் குழிப்பந்துத் திடலிலும் பசும்புற்றரை அமைப்பது வழக்கம். அப்புல்லுக்கு உரமிட்டு, நீர் பாய்ச்சி, அடிக்கடி வெட்டிக் குறுகலாக வைப்பர். அருகே அழகுக்காகக் குளம் வெட்டுவர். கனடா வாத்து விரும்பி உண்பது வெட்டியபின் தளிர்க்கும் குறும்புல்லையே. குறும்புல்வெளியில் நரி முதலிய பகைவிலங்குகள் ஒளிந்துவர இயலாது. இடர் நேர்ந்தால் உடனே குளத்தில் இறங்கலாம். வாத்துகளுக்கென்றே திட்டமிட்டாலும் இதைவிடச் சிறந்த இடத்தை அமைப்பது கடினம்.

நகர எல்லைக்குள் வேட்டைக்கும் இடமில்லை. பூங்காவிற்கு வருவோர் அன்பினால் ரொட்டித்துண்டுகளை வீசுவர். சட்டமும் அவற்றைக் காத்தது. வலசைப் பறவைகளைக் காக்க அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் 1916-ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்தன. 1918-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. கனடா வாத்து அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற இனம் ஆதலின், வலசையே போகாத வாத்தும் சட்டத்தின் பார்வையில் வலசைப் பறவையே. தக்க அனுமதியின்றி அதன் முட்டையைத் தொடுவதும் குற்றமாயிற்று.

இன்றும் வலசை போகும் கனடா வாத்துகள் ஏராளம் உள்ளன என்பதை நினைவிற் கொள்க. குளிர்காலத்தில் வலசை வாத்துகளும் தங்கிய வாத்துகளும் ஒரே வயலில் மேய்வதுண்டு. வசந்தம் வந்ததும் ஒரு சாரார் வடக்கே எழுந்து செல்வர். மற்றொரு சாரார் அங்கேயே கூடு கட்டுவர்.

5. விருந்தினர் தொல்லையாயினர்

பத்து வாத்துகள் நீந்தும் குளம் அழகியது. அதே குளக்கரையில் முந்நூறு வாத்துகள் மேய்ந்தால் காட்சி மாறிவிடும். புல்லில் சத்து குறைவு. ஆதலின் வாத்து ஓயாது உண்ணும், ஓயாது எச்சமிடும். நடைபாதைகளும் விளையாட்டுத் திடல்களும் எச்சத்தால் நிறைந்தன. மழைநீர் அவ்வெச்சத்தைக் குளத்திற்கு அடித்துச் சென்றது. அதிலுள்ள சத்துகளால் பாசி பெருகி நீர் பச்சையாயிற்று. கிருமிகள் மிகுந்ததால் சில நீச்சல் கரைகளை மூட நேர்ந்தது. முட்டையிடும் பருவத்தில் ஆண்வாத்து கூட்டைக் காவல் காக்கும். அருகில் வருவோரைச் சீறித் துரத்தும். கடைவாயிலிலும் வாகன நிறுத்துமிடத்திலும் கூடு அமைந்துவிட்டால், வாடிக்கையாளர் வழிமாறிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இவையெல்லாம் தொல்லைகள். விமான நிலையங்களிலோ இது உயிரிடர். 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று அலாஸ்காவில் விமானப்படை விமானம் ஒன்று புறப்படும்போது கனடா வாத்துக் கூட்டத்தில் மோதி விழுந்தது. அதிலிருந்த 24 பேரும் உயிரிழந்தனர். 2009-ஆம் ஆண்டு சனவரி 15 அன்று நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்திலிருந்து 155 பேருடன் எழுந்த விமானத்தில் கனடா வாத்துகள் மோத, இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தன. விமானி செஸ்லி சல்லன்பர்கர் அதனை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். அனைவரும் உயிர் தப்பினர்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நகரத்து வாத்துகள் மீது பழி விழுந்தது. ஆனால் ஸ்மித்சோனியன் நிறுவன அறிஞர்கள் எஞ்சினில் சிக்கிய இறகுகளை ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. மழைநீரிலுள்ள ஹைட்ரஜனின் தன்மை இடத்துக்கு இடம் சிறிது மாறுபடும். அந்நீரை உண்டு வளரும் புல்லிலும், புல்லை உண்ணும் பறவையின் இறகிலும் அத்தன்மை பதிந்துவிடும். எனவே இறகு எந்த நிலப்பகுதியில் முளைத்தது என்பதைக் கண்டறியலாம். மோதியவை கனடாவின் லாப்ரடார் பகுதியிலிருந்து வலசை வந்த வாத்துகள் என்பது இவ்வாறு தெரியவந்தது. நகரில் தங்கிய வாத்துகளும் விமானங்களில் மோதுவதுண்டு. எனினும் அன்று மோதியவை அவை அல்ல.

6. தீர்வைத் தேடி

வாத்துகளை வேற்றிடத்திற்குக் கொண்டுசென்று விடலாமே என்று நீங்கள் எண்ணலாம். முதலில் அதனையே செய்தனர். ஆனால் வளர்ந்த வாத்து தான் பறக்கக் கற்ற இடத்தை மறவாது அன்றோ? அவற்றுட் பல திரும்பிவந்தன. அடுத்தடுத்து வேறு முறைகளை முயன்றனர்.

நாயைக் கொண்டு விரட்டுதல்: ஆடு மேய்க்கப் பழகிய பார்டர் கோலி வகை நாய் வாத்துகளைக் கடிக்காது, பின்தொடர்ந்து அஞ்சச் செய்யும். வாத்துகள் அவ்விடம் விட்டு அகலும். ஆனால் அடுத்த பூங்காவிற்குச் சென்றுவிடும்.

முட்டைக்கு எண்ணெய் பூசுதல்: முட்டையோட்டிலுள்ள நுண்துளைகளைச் சோள எண்ணெய் அடைத்துவிடுவதால் கரு வளராது. முட்டையை எடுத்துவிட்டால் வாத்து மீண்டும் முட்டையிடும். எண்ணெய் பூசிய முட்டையை அது தொடர்ந்து அடைகாக்கும். இதனைத் தொடக்க நாள்களிலேயே செய்தல் வேண்டும். முட்டையை நீரிலிட்டு, மிதக்கிறதா என்று பார்த்து, கரு முதிர்ந்துவிட்ட முட்டையை மீண்டும் கூட்டிலேயே வைத்துவிடுவர்.

இடத்தை மாற்றுதல்: குளக்கரையில் புல்லை வெட்டாமல் உயர வளர விடுவதும் புதர்ச்செடிகளை நடுவதும் எளிய வழி. மறைவில் பகை இருக்குமோ என்று அஞ்சும் வாத்து அங்கே தங்க விரும்பாது. உணவிடுவதை நிறுத்துவதும் இதனுடன் சேர்ந்ததே.

பிடித்தல்: கோடையின் நடுவில் வாத்தின் பறக்கும் இறகுகள் அனைத்தும் ஒருசேர உதிரும். புதியவை முளைக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அக்காலத்தில் அவற்றால் பறக்க இயலாது. எளிதில் வளைத்துப் பிடிக்கலாம். 2010-ஆம் ஆண்டு சூலையில் நியூயார்க்கின் பிராஸ்பெக்ட் பூங்காவில் ஏறத்தாழ 400 வாத்துகளை அதிகாரிகள் இவ்வாறு பிடித்துக் கொன்றனர். விமானப் பாதுகாப்பிற்கு இது தேவை என்றனர் அதிகாரிகள். நாள்தோறும் அவ்வாத்துகளைக் கண்டு பழகிய மக்கள், வெறுமையான ஏரியைப் பார்த்து வருந்தினர், கடுமையாக எதிர்த்தனர்.

இதற்கு முன்பே, 2006-ஆம் ஆண்டு, அமெரிக்க அரசு தன் விதிகளைத் தளர்த்தியிருந்தது. பதிவு செய்துகொண்ட நிலவுரிமையாளர் தம் நிலத்திலுள்ள தங்கிய வாத்துகளின் முட்டைகளையும் கூடுகளையும் அகற்ற அவ்விதிகள் இடமளித்தன. காத்தற்கு எழுந்த சட்டமே கட்டுப்படுத்தவும் வழி வகுக்க வேண்டியதாயிற்று.

7. எண்ணிப் பார்ப்போம்

நம் நாட்டிற்கும் வாத்துகள் வலசை வருகின்றன. மத்திய ஆசியாவின் உயர்நிலங்களில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள் இமயமலையைக் கடந்து இந்தியாவெங்கும் பரவுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி தென்கோடியிலுள்ள திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம்வரை செல்கிறது. அவ்வூர் மக்கள் பறவைகளின் வரவை நற்பேறாகக் கருதுகின்றனர். அவை அஞ்சும் என்று வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக்குகின்றனர். நியூயார்க்கில் தொல்லையான எச்சம் கூந்தன்குளத்தில் உரமாகிறது. அங்குள்ள வாத்துகள் பருவம் முடிந்ததும் புறப்பட்டுவிடுகின்றன. இடைப்பட்ட திங்களில் குளமும் வயலும் அவ்வெச்சத்தை ஏற்றுச் செரித்துக்கொள்கின்றன.

கனடா வாத்துகளைச் சோம்பேறிப் பறவைகள் என்று பலர் ஏளனம் செய்வதுண்டு. அது பொருந்தாது. அவற்றின் சிறகு வலிமை குன்றவில்லை. தங்கிய வாத்துகளுள் குஞ்சு இல்லாதவை சில, இறகுதிர்க்கும் காலத்தில் வடக்கே நெடுந்தொலைவு பறந்து சென்று மீள்கின்றன. சிறகை வெட்டி வளர்த்தவர், வேற்றிடத்தில் கொண்டு விட்டவர், புல் வளர்த்தவர், உணவிட்டவர் யாவரும் மனிதரே. அவருள் பலர் தீங்கு எண்ணியவரும் அல்லர். விமானத்தில் செல்வோரின் உயிரைக் காப்பதும் நீரைத் தூய்மையாக வைப்பதும் கட்டாயம் செய்யவேண்டியவை. ஆனால் அதற்கான வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, அப்பறவை அங்கே இருப்பதற்கு யார் காரணம் என்பதையும் நினைத்தல் வேண்டும். கொல்வதற்கு முன், புல்லை உயர வளர விடுவது போன்ற எளிய வழிகளையெல்லாம் செய்து பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளுதல் அறமாகும்.

அருஞ்சொற்பொருள்

வலசை – பருவந்தோறும் இடம்பெயர்ந்து மீளுதல்
பார்வை – தன் இனத்தை ஈர்த்துப் பிடிக்கப் பழக்கிய விலங்கு அல்லது பறவை
உந்துதல் – உள்ளிருந்து எழும் தூண்டல்
புற்றரை – புல் வளர்ந்த தரை
சதுப்புநிலம் – நீர் ஊறிய சேற்றுநிலம்
வண்டல் – நீர் அடித்துவந்து படியும் சேறு
உடன்படிக்கை – நாடுகளிடையே செய்துகொள்ளும் ஒப்பந்தம்
நற்பேறு – நல்வாய்ப்பு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. வாத்துகள் அம்புமுனை வரிசையில் பறப்பதனால் விளையும் பயன் யாது?
2. 1935-ஆம் ஆண்டுத் தடைக்குப் பின் பார்வைப் பறவைகள் என்ன ஆயின?
3. சில்வர் ஏரி குளிர்காலத்திலும் உறையாமல் இருந்தது ஏன்?
4. முட்டையை எடுத்துவிடாமல் எண்ணெய் பூசுவதற்குக் காரணம் யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. ‘மீட்டது பறவையை மட்டுமே, அதன் பாதையை அன்று’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில் மோதிய வாத்துகள் எங்கிருந்து வந்தவை என்பதை அறிஞர் எவ்வாறு கண்டறிந்தனர்?
3. கூந்தன்குளத்து வாத்துகளையும் நியூயார்க் பூங்கா வாத்துகளையும் ஒப்பிட்டு எழுதுக.

இ. சேர்த்து எழுதுக.

1. புல் + தரை 2. வலசை + பாதை 3. நிலம் + பகுதி 4. குளிர் + காலம்

ஈ. கலந்துரையாடுக.

1. பிராஸ்பெக்ட் பூங்கா வாத்துகளைப் பற்றி அதிகாரிகள் தரப்பிலும் மக்கள் தரப்பிலும் நின்று வகுப்பில் வாதிடுக.
2. வாத்தின் பாதையைப் போலவே, பெரியோர் காட்டிக் கொடுத்தால் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பவை சில உண்டு. உங்கள் இல்லத்தில் அத்தகையவை எவை? தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோரிடம் கேட்டு, ஐந்தினைத் தமிழில் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றை நீங்கள் கற்றுக்கொண்ட முறையைப் பத்து வரிகளில் எழுதுக.